தம்பி கொடுத்த ஒரு வருஷம்

என் தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று எழுந்து போனவன்தான் நீ. "நான் குடுத்த எலும்பு மஜ்ஜை அக்காவுக்கு உதவலையே"ன்னு அத்தானிடம் அழுதாயாமே. லூசுப் பயலே.

நானும் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "உங்க தம்பி குடுத்தது நல்லாத்தான் வேலை செஞ்சுது. எங்கேயோ ஒளிஞ்சிருந்த பழைய புற்றுநோய் அணுக்கள் மறுபடியும் பெருகிடுச்சு. இதுல யார் மேலயும் தப்பில்ல"ன்னார்.

நீ மஜ்ஜை கொடுத்த பிறகு நான் நன்றாக இருந்த அந்த ஒரு வருஷத்தில் என் ரத்தப் பிரிவே உன்னுடையதாக மாறிவிட்டது, தெரியுமா? தையல் கடையை மறுபடி திறந்தேன். மகளைக் கல்லூரியில் சேர்க்க நானே கூடப் போனேன். வழியெல்லாம் அவளோடு சண்டை வேறு. அத்தனையும் நீ கொடுத்தது.

இனி வலிக்கு மட்டும் மருந்து போதும் என்று சொல்லிவிட்டேன். அத்தான் என் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறார்.

நேற்று உன் லாரி தெருமுனையில் வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன். அடுத்த தடவை மேலே ஏறி வாடா. எதுவும் வாங்கி வராதே. கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டாய். சும்மா வந்து பக்கத்தில் உட்கார்.

உன் ரத்தம் ஓடுகிற
அக்கா