அந்தப் படையலைச் சாப்பிட்டது நீங்கள் இல்லை

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

போன இடத்தில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே ஹாலிஎலப் பக்கம் இரண்டு வாரமாக உங்களைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டாரும் நம்புகிறார்கள்.

உங்கள் திதிக்கு அம்மா வீட்டின் முன் காம்பராவில் படம் வைத்து இலை போட்டார். கோழிக்கறி, உளுந்து வடை, தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், ஓரத்தில் உங்கள் கால் போத்தல் சாராயம். எப்போதும் போலக் கதவைச் சாத்தி, நீங்கள் பசியாற நேரம் விட்டு, வாசலில் நின்றோம். திறந்து பார்த்தால் இலை வெறுமையாகக் கிடந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதார். பக்கத்து வீட்டார் வந்து இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் மட்டும் இலையின் ஓரத்தைப் பார்த்தேன். சாராயம் தொடாமல் இருந்தது. நீங்கள் வந்திருந்தால் முதலில் எதைத் தொட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டைச் சுற்றிப் பின்னால் ஓடினேன். தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நம் சின்னவள் நிரோஷா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் சமைக்கிற குசினிக் கதவு வழியாக உள்ளே போயிருக்கிறாள். கையெல்லாம் எண்ணெய்.

"வேணும்னு திங்கலக்கா. வயிறு போதும்னுது, கை நிக்க மாட்டேங்குது. அம்மாகிட்ட சொல்லிராத."

நீங்கள் போன பிறகுதான் இது தொடங்கியது. பகல் முழுக்க வெறும் தேயிலைச் சாயத்தண்ணியோடு இருப்பாள், கேட்டால் விரதம் என்பாள். பிறகு ஒரே மூச்சில் சோற்றுப் பானை காலியாகிவிடும். சாப்பாட்டில் மட்டுமா? கோபம் வந்தால் போனைத் தூக்கிப் பள்ளத்தில் எறிகிறாள். ஒரு நாள் கத்தரியை எடுத்துத் தன் பின்னலையே வெட்டிவிட்டாள். அடுத்த நிமிடம் ஏன் செய்தேன் என்று தேம்புகிறாள். பள்ளிக்கூடம் போகும்போது நீங்கள் பின்னிவிட்ட முடி அப்பா அது.

துணி எடுக்கப் போவதாகச் சொல்லிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இது நாக்கு ருசியும் இல்லை, திமிரும் இல்லை, வியாதி என்றார் டாக்டர். பட்டினி கிடந்தால் அந்த வெறி இன்னும் கூடுமாம். வாந்தி எடுத்து எடுத்து இரத்தத்தில் உப்புச்சத்து இறங்கியிருக்கிறது, இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார். வீட்டில் சொல்லிவிட்டு, நேரத்துக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட வைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிரோஷா என் கையை விடவே இல்லை. அப்பா சாப்பிட்டதாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினாள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அம்மா வருகிற அமாவாசைக்கும் படையல் என்கிறார்.

"சின்னவ வெறும் வயித்தோட இருந்ததாலதான் ஒங்கப்பா வந்தாரு. இந்தத் தடவையும் அவளே விரதம் இருக்கட்டும்."

நிரோஷாவும் தலையாட்டிவிட்டாள். அமாவாசை நாளை மறுநாள். இப்போதே மேட்டில் ஏறும்போது அவளுக்குக் கால் நடுங்குகிறது. அம்மா அதைப் பக்தி என்று நினைக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. யாரிடம் போய்ச் சொல்ல?

அம்மாவையும் நீங்கள் பார்க்க வேண்டுமே. அந்த நாளிலிருந்துதான் முகத்தில் களை வந்திருக்கிறது. கொழுந்து பறிக்கும் இடத்திலும் இதே கதைதானாம். அவரிடம் போய் நான் எப்படிப் பேச்சை எடுப்பேன்?

எடுக்கத்தான் போகிறேன். நாளைக் காலையில் அம்மா வேலைக்கு இறங்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இனி நிரோஷாவுக்கு விரதம் கிடையாது. மூன்று வேளையும் நான் அவள் பக்கத்தில் உட்காருவேன், மாதாமாதம் கிளினிக்குக்கும் கூட்டிப்போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அப்படியென்றால் அவர் வரவே இல்லையா என்று அம்மா கேட்பார். வரவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை இரண்டாவது முறை பறிகொடுத்தாலும் அம்மா தாங்கிவிடுவார். சின்னவளைப் பறிகொடுத்தால் தாங்க மாட்டார்.

உங்கள் மூத்த மகள், நிரோஷாவின் அக்கா,
சாந்தி