வடக்குக் கரை ஆப்பிள்

மார்ச் 11, 1878. வாஷிங்டன்

காலையிலிருந்து மூடுபனி. அரசாங்க நிலத்துறையில் வழக்கறிஞனாக இருபது வருடம் ஆகப்போகிறது. நான் பங்குபோட்டுக் கொடுத்த மேற்கு நிலத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வரைபடத்து ஆறுகளை விரலால் தடவித் தடவி, அவை கனவில் ஓடத் தொடங்கிவிட்டன. நேற்று நெப்ராஸ்காவின் எல்க்ஹார்ன் ஆறு வந்தது. கட்டிலுக்கடியில் சத்தமில்லாமல் ஓடியது. விழித்தபோது பாதம் சில்லென்றிருந்தது.

மார்ச் 12

கனவு சும்மா வரவில்லை. மேஜைமேல் இருக்கும் வழக்கே அந்த ஆறுதான். வடகரை ஆர்ஃபா டிண்டல் என்ற பெண்ணின் நிலம், தென்கரை ரயில் கம்பெனியுடையது, நடுவில் ஆறு எல்லை. இப்போது ஆறு வடக்கே தள்ளிப் போய்விட்டது. அவள் வீடு தென்பக்கம் மாட்டிக்கொண்டது.

சட்டம் விசித்திரமானது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், நிலம் கம்பெனிக்கு. ஒரே பாய்ச்சலில் தாவியிருந்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும், நிலம் அவளுக்கு.

ஊர்ந்துதான் வந்தது என்கிறது கம்பெனி. அப்படியானால் வீடு எப்படித் தென்பக்கம் நிற்கிறது என்றால், அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறது. அந்த அம்மாள் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் மாடு கட்டி வீட்டை இழுத்துவந்து வைத்துக்கொண்டாளாம். அந்தப் பக்கம் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

மார்ச் 20

துறைத் தலைவர் ப்ரூவிட் கூப்பிட்டார். "அசா, ஊர்ந்துச்சுன்னு நாலு வரி எழுதிடுப்பா. டகோட்டாவுல நீதிபதி நாற்காலி காலியாகுது. உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மனைவி கார்டீலியாவிடம் நாற்காலியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"நிஜமாவாங்க? எனக்குன்னு ஒரு அடுப்பு! இந்த விடுதிக்காரியோட முட்டைக்கோஸ் நாத்தம் இனிமே இல்ல!"

கல்யாணமானதிலிருந்து விடுதிச் சாப்பாடுதான் அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்தபின் மற்றதை எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 2

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஏப்ரல் 9

நேரில் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டேன். ப்ரூவிட் சிரித்தார். "ஆத்தையே விசாரிக்கப் போறியா? போ, நல்ல காத்து வாங்கிட்டு வா."

மே 1. எல்க்ஹார்ன் கரை

கனவில் வந்ததைவிடச் சின்ன ஆறு. ஒன்றும் தெரியாதது போல ஓடுகிறது. படகில் கடந்து ஆர்ஃபாவின் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"படுக்கும்போது தெற்கால ஓடுச்சு ஐயா, விடிஞ்சா வடக்கால ஓடுது. நான் நகரல. அதுதான் நகர்ந்துச்சு."

"வீட்டை இழுத்துட்டு வந்தீங்கன்னு சொல்றாங்களே?"

"இழுக்கறதா இருந்தா இந்தப் பள்ளத்துலயா கொண்டாந்து வெப்பேன்?"

வீட்டின் பின்னால் போனேன். அங்கே ஆப்பிள் மரங்கள். குடியேறிய வருடமே அவள் நட்டவை. ஒரு கையால் அணைக்க முடியாத பருமன். எல்லாம் பூத்திருந்தன. அடியில் உட்கார்ந்தேன். தொப்பிமேல் பூ விழுந்துகொண்டேயிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ!

வீட்டை இழுக்கலாம். இந்த மரங்களை? ஊர்ந்து வரும் ஆறு கரையை அரித்து வேரோடு தின்றுவிட்டல்லவா வரும்? இவை நிற்கின்றன என்றால் ஆறு இவற்றைச் சுற்றிக்கொண்டு தாவித்தான் போயிருக்கிறது. இருபது வருடமாக வரைபடம் பார்த்தேன், அதில் ஒரு மரம்கூட இல்லை.

சந்தோஷமாக இருந்தது. பிறகு அடுப்பு ஞாபகம் வந்தது.

மே 14. வாஷிங்டன்

'தாவியது' என்று எழுதிக் கொடுத்தேன். ப்ரூவிட் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

கார்டீலியாவிடம் முழுவதையும் சொன்னேன். "யாரோ ஒருத்தியோட மரத்துக்காக என் வீட்டைக் குடுத்துட்டு வந்துட்டீங்க!" அவள் சொன்னது தப்பா? இல்லையே. கொடுத்துவிட்டுத்தானே வந்தேன்.

ஜூன் 3

நாற்காலி ஒஹாயோக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 19

நிலம் ஆர்ஃபாவுடையது என்று ஆணை போனது. மரத்தை எதிர்த்து வாதாட மேலிடத்தில் யாருக்கும் வாய் எழவில்லை. அறைக்கு வந்து சொன்னேன். கார்டீலியா தைத்துக்கொண்டேயிருந்தாள்.

அக்டோபர் 6

ரயிலில் ஒரு பீப்பாய் வந்தது, ஆர்ஃபா அனுப்பியது. திறந்ததும் அறை முழுக்க ஆப்பிள் வாசனை. கார்டீலியா வெகுநேரம் தொடவில்லை. பிறகு ஒன்றை எடுத்து பாவாடையில் துடைத்தாள்.

"இது எந்தக் கரையில விளைஞ்சது?"

"வடக்குக் கரை."

"ஆறு தாண்டி தெற்கால இருக்குன்னீங்க?"

"ஆறு எங்க வேணா ஓடட்டும். அது வடக்குக் கரைதான்."

ஒரு கடி கடித்தாள். மடி நிறைய ஆப்பிளை அள்ளிக்கொண்டு, விடுதிக்காரியிடம் அடுப்பை இரவல் கேட்கக் கீழே இறங்கிப் போனாள்.