வறண்ட ஆற்றில் இறங்கிய காக்காவுக்கு

என் கூடப்பிறந்த மூத்த பெருமையே, காக்கா,

நேற்று உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்தோம். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மவுத்தான செய்தி பத்திரிகைகளில் வந்தது. எந்தெந்தப் படைத்தளத்துக்குத் தலைமை வகித்தீர்கள், எப்போது ஏர் கமடோர் ஆனீர்கள், என்னென்ன பதக்கங்கள் வாங்கினீர்கள் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். ஒன்றும் தப்பில்லை. ஆனால் கோட்டாற்றுத் துணிக்கடைக்காரர் மகன் ஆகாயத்துக்கு எப்படிப் போனார் என்று அதை வாசித்தவர்களுக்குத் தெரியாதே? அதைச் சொல்ல இனி நான் ஒருத்திதானே மிச்சம்?

மையித்தை அடக்கக் கொண்டுபோகும்போது பெண்கள் கூடப் போகிற வழக்கம் நம்மிடம் இல்லை. நானும் மதினியும் வாசலில் நின்றோம். விமானப்படைப் பையன்கள் தெருவின் இரண்டு பக்கமும் விறைத்து நின்றார்கள். பள்ளிவாசல் வரைக்கும் கடைகள் அடைத்திருந்தன. உங்களைத் தூக்கிப் போன சந்தூக்குக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் லேசாக நொண்டியபடி நடந்தார். யாரென்று ஊருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. உங்களோடு பறந்த கர்த்தார் சிங்.

நீங்கள் திருவனந்தபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தீர்கள். இருபதுகளின் கடைசி அது. அங்கே ஒரு மைதானத்தில் விமானம் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு லீவுக்கு வந்தவர், வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. "ஏட்டி, மேல ஏறும்போ அதுக்க சத்தம் மாறும், கேளு" என்று தொண்டையால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினீர்கள். அடுக்களையிலிருந்து உம்மா பதறி ஓடி வந்தாள். "என்ன மக்கா, வயிறு செரியில்லியா?" என்று கேட்டாள். நாம் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்த வாப்பாவே எட்டிப் பார்த்தார்.

இந்தியர்களையும் விமானப்படை அதிகாரிகளாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி முப்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. நீங்கள் டில்லிக்குப் போய்ப் பரீட்சை எழுதினீர்கள். நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, "உன் குடும்பத்தில் யாராவது போருக்குப் போயிருக்கிறார்களா?" என்று கேட்டாராம். "இல்லை. நாங்கள் துணி விற்கிறவர்கள். போருக்குப் போவதில் நான்தான் முதல் ஆள்" என்று சொன்னீர்களாம். மற்றவர்கள் எல்லாம் தாத்தா முப்பாட்டன் வாளைப் பற்றிப் பேசியபோது, இல்லை என்று சொன்ன உங்களை எடுத்தார்கள்.

வாப்பாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "கடல் தாண்டிப் போயி வெள்ளக்காரனுக்காவ சாவணுமா இவன்?" என்று என்னிடம் கேட்டார். உங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நீங்கள் திருநெல்வேலி பஸ் ஏறும்போது வழியனுப்பவும் வரவில்லை. ஆனால் கடையாள் மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு பொட்டலத்தை உங்கள் கையில் திணித்தார். கடையிலேயே நல்ல கம்பளித் துணி. "அங்க குளிரு கூடுதலாம். மொதலாளி தந்து விட்டாரு" என்றார். அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள்.

இங்கிலாந்தில் முதல் தடவை மேலே போனபோது வாந்தி எடுத்தீர்கள். உங்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், இந்தப் பையன் தேறமாட்டான் என்று உங்கள் காதுபடவே சொன்னார். அவரே பிறகு, இவன் இறக்குகிற மாதிரி விமானத்தை இறக்குங்கள் என்று மற்றவர்களுக்கு உங்களைக் காட்டினார். விருந்தில் மன்னர் பெயரைச் சொல்லி எல்லாரும் மதுக் கிண்ணத்தை உயர்த்துவார்களாம். நீங்கள் தண்ணீரை உயர்த்தினீர்கள். "தண்ணீரால் வாழ்த்துவது அபசகுனம்" என்று ஒருவர் அதட்டியதற்கு, "எங்கள் ஊரில் தண்ணீர்தான் பெரிய பரக்கத்து, எல்லா வளமும் அதுதான்" என்றீர்களாமே. நாஞ்சில்நாட்டுக்காரன் வேறு என்ன சொல்வான்?

திரும்பி வந்ததும் உங்களை வடமேற்கு எல்லைக்கு அனுப்பினார்கள். மொட்டை மலைகள், பழங்குடிகளின் ஊர்கள். அரசாங்கத்தோடு அவர்களுக்குச் சண்டை. முதலில் எச்சரிக்கை நோட்டீஸ் போடுவது, பிறகு குண்டு போடுவது, இதுதான் வேலை. அங்கிருந்துதான் வாப்பாவுக்கு அந்தத் தந்தி வந்தது. பறக்கப் போன உங்களைக் காணவில்லை.

வாப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் கூடினார்கள். மவுத்தானவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓத ஏற்பாடு செய்யட்டுமா என்று மாமா கேட்டதும் உம்மா எழுந்தாள். "எவனும் ஓதாண்டாம். காணல்லன்னுதான் எழுதியிருக்கு. மவுத்துன்னு எழுதல்ல. எனக்க மோன் வருவான்." சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். ஒவ்வொரு வேளையும் உங்களுக்கும் சேர்த்தே அரிசி போட்டாள். மீதிச் சோற்றைத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

உங்களோடு பறந்த ஒரு பஞ்சாபிக்காரருக்காக நீங்கள் பின்தங்கினீர்கள் என்று மட்டும்தான் அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்தது. முழுக்கதையையும் கர்த்தார் சிங்தான் சொன்னார், உங்கள் அடக்கம் முடிந்து நம் வீட்டில் உட்கார்ந்து. லக்னோவில் பிறந்த மதினி அவருடைய பேச்சைத் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார்கள். கீழேயிருந்து சுட்ட குண்டு எஞ்சினில் பட்டது. வறண்ட ஆற்றுப்படுகையில் இறக்கினீர்கள். பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அவருக்குக் கால் முறிந்துவிட்டது. உங்களைத் தேடி வந்த இன்னொரு விமானம் பக்கத்தில் இறங்கியது. அதில் ஒரே ஒருவருக்குத்தான் இடம். மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். "நீங்கள் அதிகாரி, நீங்கள் போங்கள்" என்று அவர் கெஞ்சினாராம். "அதிகாரி சொல்வதைக் கேட்க வேண்டும். ஏறு" என்று தூக்கி உட்கார வைத்தீர்களாம். விமானம் மேலே எழும்பும்போது, நீங்கள் இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதருடைய தாடி நனைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வந்தவர்கள் கொல்லவில்லை. அடைக்கலம் என்று கேட்டவனைக் காப்பது அவர்கள் வழக்கம். ஒரு பெரியவர் தன் வீட்டில் உங்களை வைத்து ரொட்டி கொடுத்தார். அவருக்குப் பக்கத்திலேயே நின்று தொழுதீர்கள். தொழுது முடித்ததும் அவர் கேட்டார்: "என்னோடு சேர்ந்து தொழுகிறவன், என் வீட்டுமேல் குண்டு போடுவது எப்படி?" அவரே உங்களை வெள்ளைக்காரர்களின் கோட்டை தெரிகிற தூரம் வரை கொண்டுவந்து விட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகாவது பதில் கிடைத்ததா, காக்கா? கேட்க நினைத்து ஒருநாளும் நான் கேட்கவில்லை.

பிழைத்துவிட்டீர்கள் என்று இரண்டாவது தந்தி வந்தது. உம்மா அப்போதுதான் அழுதாள். லீவில் நீங்கள் வந்தபோது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி போவாண்டாம் மக்கா. கடையில இரி. எனக்கு இதப் பொறுக்க முடியல்ல" என்றாள். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நின்றிருப்பீர்கள். எனக்குத் தெரியும்.

வாப்பாதான் குறுக்கே பேசினார். அத்தனை வருடம் உங்களிடம் முகம் கொடுக்காத வாப்பா!

"அந்தப் பஞ்சாபிக்காரப் பயலுக்கும் ஒரு உம்மா உண்டும்லா? நம்மளப் போல அவளும் காத்துக் கெடந்திருப்பா. இவன் அங்க நின்னதுனாலதான் அவளுக்குப் பிள்ள வந்தான். அவன் போட்டும். இப்பிடி ஒருத்தன் அங்க இருக்கணும்."

உம்மா கையை விட்டாள். மறுநாள் வாப்பா உங்களைக் கடைக்குக் கூட்டிப் போனார். வருகிற ஒவ்வொருவரிடமும், "இது என் மகன். விமானம் ஓட்டுகிறான்" என்றார். துணி எடுக்க வந்தவர்களுக்கு அன்று துணி கிடைக்கவில்லை, உங்கள் கதைதான் கிடைத்தது.

மீதியெல்லாம் பத்திரிகையில் இருக்கிறது. இந்தியர்கள் மட்டுமே உள்ள படைப்பிரிவுக்குத் தலைமை, உலகப்போர், பதவிக்கு மேல் பதவி. ஒன்று மட்டும் அதில் விட்டுப்போயிற்று. நாடு பிரிந்தபோது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று உங்களிடம் கேட்டார்கள். "கோட்டாறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றீர்கள்.

இப்போதைய சேதி மதினியைப் பற்றியது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அவர்களைக் கூட்டிப் போக வந்தார்கள். லக்னோவிலிருக்கும் சொந்தக்காரர்களும் அழைத்தார்கள். "அவர் இருக்கிற ஊரை விட்டு நான் எங்கே போக?" என்று மதினி மறுத்துவிட்டார்கள். மீன்குழம்பில் இன்னும் முள்ளுக்குப் பயப்படுகிறார்கள். நம் பேச்சில் பாதி புரிவதில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண்ணை "ஏட்டி" என்று கூப்பிட்டார்கள். தெருவே சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள், நீங்கள் போன பிறகு முதல் தடவையாக.

ஊர் ஊராக நீங்கள் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இனி இதுதான் ஊர். நான் உயிரோடு இருக்கும்வரை அவர்கள் தனியாக ஒரு வேளைகூடச் சாப்பிட உட்கார மாட்டார்கள். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. முள்ளை நான் எடுத்துக் கொடுக்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
ஏர் கமடோரின் தங்கச்சி என்று ஊரே சொன்னாலும், உங்களுக்கு வெறும் ஏட்டியாகவே இருந்துவிட்ட
பாத்திமா