பத்தாவது பதிவு

முடிச்சூர்
12.7.2005

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் கார்டு தீர்ந்துவிடுகிறது என்று அலுத்துக்கொள்வீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

கல்லூரியில் எங்களுக்கு ஆளுக்கொரு கையடக்கக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிற நோயாளி ஒவ்வொருவரையும் அதில் ஏற்ற வேண்டும். மார்பகப் பரிசோதனை மட்டும் பத்து வேண்டுமாம். நேற்றுதான் கடைசி நாள், என்னிடம் ஒன்பதே இருந்தன. பத்தாவதாக அம்மாவை ஏற்றிவிட்டேன்! 'கட்டி இல்லை' என்ற வரியை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

உங்கள் செல்ல மகள்,
ஷாயிஸ்தா

ஷார்ஜா
3.12.2005

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நேற்று உன் அம்மா போனில் அழுதாள். மே மாதமே கட்டி கையில் தட்டுப்பட்டதாம். ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கம். "நம்ம புள்ள மிஷின்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சுங்க" என்று என்னிடமும் சொன்னாள், நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. படிக்கிற பிள்ளைதானே, கை தவறத்தான் செய்யும். லீவு சொல்லிவிட்டு வருகிறேன்.

அத்தா,
அமீருதீன்

முடிச்சூர்
20.9.2006

அன்புள்ள அத்தா,

அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து நீங்கள் கிளம்பும்போது, என் தலையில் கை வைத்து, "கை தவறிப்போச்சு, விடும்மா" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கை தவறவில்லை அத்தா. நான் அம்மாவைத் தொடவே இல்லை. அவள் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து பெயரையும் வயதையும் போட்டு, 'நானே பரிசோதித்தேன்' என்று ஏற்றிவிட்டேன். ஈரக்கையோடு வந்து நின்றாள். "நெசமாவே ஒண்ணும் இல்லியாம்மா?" என்றாள். கட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். என் வாயால் இல்லை என்று கேட்கத்தான் நின்றிருக்கிறாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மிஷின் பொய் சொல்லுமா?" என்று சிரித்தேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

ஷாயிஸ்தா

முடிச்சூர்
8.12.2006

அத்தா,

பெருநாளன்றும் உங்கள் போன் வரவில்லை. சாப்பிடுகிறீர்களா, உடம்புக்கு எப்படி என்று உங்கள் அறையில் தங்கியிருக்கும் யாசீன் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இன்று வார்டில், கோவளத்தில் மீன் விற்கும் அஞ்சம்மாள் என்பவரைப் பரிசோதித்தேன். ஒன்றும் இல்லை என்றேன். "நல்லா பாத்தியா கண்ணு?" என்றார்.

அம்மாவும் இதைத்தான் கேட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

உங்கள் மகள்,
ஷாயிஸ்தா