சோத்துக்கைப் பக்கம்

ஏப்ரல் 20, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் முதுகை உரிக்கிறது. லேத் பெல்ட் வழுக்கல். மாற்ற வேண்டும்.

மதியம் தங்கை செல்வி பட்டறைக்கு வந்தாள். கையில் தூக்குச்சட்டி, அதில் மோர். மோரோடு வந்தால் காரியம் பெரிது என்று அர்த்தம். பெரிதுதான். மில் மேனேஜர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: வரும் சனிக்கிழமை புல் வெட்டும் வண்டியை ஓட்டிக் காட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஸ்டோரில் இருக்கும் டிரைவர் ஏறிக்கொள்வார், மாப்பிள்ளை வீட்டில் இருக்கலாம்.

மாப்பிள்ளை சண்முகம் பன்னிரண்டு வருடமாக மில்லின் ஹாக்கி மைதானத்தைப் பார்க்கிறார். இந்தக் கரிசலில் சித்திரையிலும் பச்சையாக ஒரு இடம் இருக்கிறதென்றால் அது அவர் வளர்த்த புல். போன கார்த்திகையில் பைக்கிலிருந்து விழுந்தார். தோளில் நரம்பு அறுந்துவிட்டது. வலது கை இருக்கிறது, சட்டைக்குள் சும்மா தொங்குகிறது. இனி வராது என்று டாக்டர் என்னிடம்தான் முதலில் சொன்னார். நான் அதை அப்படியே யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணே, ஒத்தக் கையால திருப்புத மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுங்க. மே மாசம் போட்டி வருதுல்லா. அந்தப் புல்லை வேற ஆளு வெட்டுனா இவிய தாங்க மாட்டாவ."

"பாக்கேன்" என்றேன். "செய்யுதேன்" என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படி.

ஏப்ரல் 21, செவ்வாய்

வெயில். காற்றில் கரிசல் தூசி, பல்லில் நறநற.

மைதானத்துக்குப் போனேன். மாப்பிள்ளை ஊரில் இல்லை. திருநெல்வேலியில் கைக்குப் பயிற்சி, அண்ணன் வீட்டில் தங்கல், வியாழன் சாயங்காலம்தான் வருவார். வண்டியைத் தனியாகச் சுற்றிப் பார்த்தேன். சின்ன டிராக்டர் மாதிரி. ஒரு சீட், ஒரு ஸ்டியரிங், வயிற்றுக்கடியில் சுற்றும் கத்தி. முதலாளி மலைப்பக்கத்து கிளப் ஒன்றிலிருந்து பழசாக வாங்கியது. மாப்பிள்ளை வைத்த பேர் கெடா. புல் மேய்வதால்.

பார்த்தவை:

- முன் டயர் இரண்டிலும் காற்று பாதிதான்.
- ஸ்டியரிங் அடியில் கிரீஸ் காய்ந்து கல்லாகிவிட்டது. சுரண்டி, புதிது அடித்து, டயருக்கும் காற்று அடித்ததும் பாதிக் கனம் போயிற்று. இரண்டு கையும் இருந்த காலத்தில் இந்த மனுஷன் சும்மா மல்லுக்கட்டியிருக்கிறார்.
- மீதிப் பிரச்சினை: ஒற்றைக் கையால் வளைக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விட்ட நேரத்தில் கெடா தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் ஸ்டியரிங் வீலில் ஒரு சுழலும் குமிழ். உள்ளே பேரிங். பிடித்த கையை எடுக்காமல் முழுச் சுற்று வரலாம்.
- கத்தியைத் தூக்கும் லிவர் வலப்பக்கம். அதைக் காலுக்கு மாற்ற வேண்டும். பழைய இரும்புக்கடையில் ஸ்கூட்டர் பிரேக் பெடல் கிடைக்குமா?

மேனேஜர் வந்து நின்றார். "மெனக்கெடுதீய அண்ணாச்சி. ஆளு தங்கமான ஆளுதான். ஆனா கத்தி சுத்துத வண்டி. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

வண்டி நேராகப் போகும்போது குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டுகிறவர் கை நாள் பூரா கிடக்கும். மேலேயா, பக்கவாட்டிலா, கீழேயா? அவரவர் உடம்புக்குத் தக்கபடி மாறும். சாயங்காலம் மாப்பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவார். கேட்டு வை என்று செல்வியிடம் சொன்னேன்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் செல்வி பதில் கொண்டுவந்தாள். இன்று மோர் இல்லை.

"சோத்துக்கைப் பக்கமா, கொஞ்சம் கீழ வைக்கச் சொன்னாவ."

"நல்லாக் கேட்டியாட்டி?"

"ரெண்டு தடவ சொன்னாவண்ணே. சோத்துக்கைப் பக்கம்னு."

போய்விட்டாள். கையில் இருந்த ஸ்பேனரை வைக்கவும் தோன்றாமல் நின்றேன். சோத்துக்கை. தொங்குகிற வலது கை. அதற்குக் குமிழ் கேட்கிறார் மனுஷன். சனிக்கிழமைக்குள் அது எழுந்து வந்து பிடிக்கும் என்று நினைக்கிறாரா? செல்வி கோயிலுக்குக் கை உரு நேர்ந்திருக்கிறாள், தெரியும். இவரும் அப்படி என்று நினைக்கவில்லை. டாக்டர் சொன்னதை அன்றைக்கே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வாய் இருக்காது.

மாசியில் அவர் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். இலை போட்டதும் "நீங்க சாப்பிடுங்க மச்சான், எனக்குப் பசிக்கல" என்று எழுந்து போய்விட்டார். செல்வி ஊட்டிவிடுகிறாள் போல, வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கேட்கவில்லை.

சரி. கேட்ட இடத்தில் வைப்பேன். ஆனால் சொன்ன அளவு கீழே இல்லை. இடது கை எட்டிப் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் மேலே. ஒரு கள்ளத்தனம்தான்.

குமிழை இரும்பில் கடைந்தேன். வெயிலில் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன். உள்ளங்கை வெந்துவிட்டது. மடையன். மே மாத மைதானத்தில் இரும்பா?

நகம்: கட்டைவிரல் நசுங்கல், கறுத்துவிட்டது.

ஏப்ரல் 23, வியாழன்

பதினொன்றிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. இட்லிக்குச் சாம்பார் ஊசல். எல்லாம் இன்றைக்குத்தான்.

மைதானத்து அறையில் கீறல் விழுந்த பழைய ஹாக்கிப் பந்து ஒன்று கிடந்தது. லேத்தில் பிடித்துத் துளை போட்டுப் பேரிங்கை இறுக்கினேன். கைக்கு அடக்கம், சூடும் ஏறாது. இந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பெடல் கிடைத்தது. மிதித்தால் கத்தி மேலே வந்து கொக்கியில் நிற்கிறது. குதிகாலால் தட்டினால் இறங்குகிறது. நாற்பது தடவை மிதித்துப் பார்த்தேன், தொடை வலி.

மில் வெல்டிங் மிஷினை இரவல் வாங்கிக் குமிழின் இரும்புத் தண்டை வீலில் பற்றவைத்தேன். வலப்பக்கம். போல்ட் போட்டால் ஆட்டம் வரும் என்று வெல்டிங். நல்ல வேலை. பார்க்கப் பார்க்க மனது கனத்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

லேசான மேகம். மழை வராது, சும்மா பயமுறுத்தல்.

காலையில் மாப்பிள்ளை மைதானத்துக்கு வந்தார். முதலில் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வண்டி. பந்தைப் பார்த்ததும் சிரிப்பு. வீலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மச்சான், இது யாருக்கு வச்சிருக்கீய?"

"நீங்கதான மாப்ள சொன்னீய. சோத்துக்கைப் பக்கம்னு."

என்னையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி என் மூக்குக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"அஞ்சு மாசமா நான் சோறு திங்குதது எதுல மச்சான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "செல்வியும் நானும் வீட்டுல அப்படித்தான் சொல்லிக்கிடுதோம். உங்களுக்கும் அப்படியே வந்துட்டு."

"கை வரும்னு நம்புதீயளோன்னு நெனச்சேன்" என்றேன்.

"அது வராது மச்சான். டாக்டர் உங்ககிட்ட சொன்ன அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

ஐந்து மாதமாக நான் மூடி வைத்திருந்த ரகசியம் இவ்வளவுதான். இந்த வீட்டில் அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

ஹேக்ஸா எடுத்தேன். என் வெல்டிங்கை நானே அறுக்க ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு கெட்டி. இடப்பக்கம், கொஞ்சம் கீழே, அவர் கை வைத்துக் காட்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு. சாயங்காலம் நாலு மணிக்குப் பற்றவைப்பு முடிந்தது. ஒத்திகை ஓட்ட நேரமில்லை, மைதானத்தில் பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

மதியம் அவர் டப்பாவைத் திறந்தார். புளிச்சோறு. என் முன்னால் சாப்பிட்டார். இடது கையால், ஒரு பருக்கை சிந்தாமல்.

ஏப்ரல் 25, சனி

ஆறரை மணி. வெயிலுக்கு முன்னால் வைத்துக்கொள்வோம் என்றார் மேனேஜர். ஸ்டோர் டிரைவரும் வந்து நின்றார், பாவம், அவருக்கும் சங்கடம்.

மாப்பிள்ளை ஏறினார். தொங்கும் கையை எடுத்து மடியில் வைத்து, துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டார். பந்தைப் பிடித்தார். போனார்.

வெட்டிய முதல் பட்டை நேர். திருப்பத்தில் பெடலை மிதித்தார், கத்தி தூக்கியது, பந்து ஒரு முழுச் சுற்று, கை எடுக்கவே இல்லை. இரண்டாவது பட்டை நேர். மூன்றாவது திருப்பத்தில் குதிகால் முன்னதாகத் தட்டிவிட்டது. கத்தி சீக்கிரம் இறங்கிப் புல்லில் ஒரு பிறை விழுந்தது. செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். அவர் நிறுத்தினார். பின்னால் எடுத்தார். மறுபடியும் திரும்பினார், இந்த முறை சரி. பத்துப் பட்டை.

மேனேஜர் கோல்போஸ்ட் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கோடு பார்த்தார்.

"ரெண்டு கையிருந்தப்ப இப்படி நேரா இருந்ததில்லையேவே" என்றார் எழுந்து. பிறகு ஸ்டோர் டிரைவரிடம், "நீ போப்பா, லோடு வருது."

செல்வி அழுதாள். நான் வண்டிக்கடியில் கிரீஸ் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

செய்ய வேண்டியவை: பெடல் கொக்கி இன்னும் கொஞ்சம் இறுக்கம். குமிழ் சோ.கைப் பக்கம் (இடது), அளவு குறித்து வைக்கவும், உடைந்தால் வேண்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாப்பிள்ளையும் செல்வியும் சாப்பிட வந்தார்கள். கடம்பூர் போளி ஒரு பொட்டலம். இடது கையால் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கறிக்குழம்பு. காரம் தூக்கல்.

வரிசையாக இலை போட்டாள் என் மனைவி. இன்று அவர் எழுந்து போகவில்லை. எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தோம். என் முழங்கையும் அவர் முழங்கையும் இடித்துக்கொண்டே இருந்தன. குழம்பு இலையை விட்டு ஓடியது.

"மச்சான், அந்தப் பக்கம் வந்து உக்காருங்க. சோத்துக்கை இடிக்கி."

இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.