செருப்பைக் கழற்றிய வாசல்

அக்கா,

இன்று காலை வாசலைக் கூட்டும்போது உங்கள் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். கூட்டி முடிந்ததும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். நீல இறப்பர் செருப்பு. வலது காலின் வார் அறுந்தபோது நீங்கள் சுற்றிய கம்பி இப்போது துருப்பிடித்துவிட்டது. "இதை எப்ப அம்மா எறியப் போறீங்கள்?" என்று சின்னவள் மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறாள். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

வெள்ளம் எங்கள் முரசுமோட்டை வீட்டைக் கரைத்த பிறகு சில நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்றதும், வீடில்லாத எட்டுக் குடும்பங்களை ஒரு உதவி நிறுவனம் கிளிநொச்சியில் ஒரு லொட்ஜின் மேல்மாடியில் கொண்டுபோய் இருத்தியது. மூன்று மாதம் என்றார்கள். பதினொரு மாதம் இருந்தோம். ஒரு அறைக்குள் நான், என் கணவர், அவருடைய அம்மாவான மாமி, இரண்டு பெண்பிள்ளைகள். சுவரில் எந்த நாட்டினதோ ஒரு பனிமலைப் படம் தொங்கியது. மாமி அதைத் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் பிள்ளையாரை ஒட்டினார்.

போன அன்றே எல்லோரும் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கால் பழகியபடி செய்தது. அடுத்த நாள் விறாந்தை கூட்ட வந்தவர், முன்னர் தங்கியவர்கள் கழித்துவிட்டுப் போனவை என்று நினைத்து, அத்தனையையும் சாக்கில் அள்ளிக் குப்பைக்குக் கொண்டுபோய்விட்டார். நாங்கள் வெறுங்காலோடு படியால் இறங்கி ஓடியபோது, எதிர் அறைக் கதவைத் திறந்துகொண்டு நீங்கள் மட்டும் செருப்போடு வந்து நின்று சிரித்தீர்கள்.

"வீட்டுக்குள்ள போறப்பதான் செருப்பக் கழட்டணும். இது லொட்ஜுதானே புள்ள."

எனக்கு அன்று உங்களைப் பிடிக்கவில்லை. பதினொரு மாதமும் நீங்கள் அந்த அறைக்குள் செருப்போடுதான் நடந்தீர்கள். கட்டிலில் ஏறும்போது மட்டும் கழற்றினீர்கள்.

சிறுமியாக இருந்தபோது கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கராயனுக்கு வந்தவர் நீங்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, கணவரையும் அந்த மண்ணிலேயே இழந்தீர்கள். அங்கிருந்த உங்கள் வீட்டையும் அதே வெள்ளம் கரைத்தது. ஆனால் காணிப் பத்திரம் ஒருபோதும் அங்கு வந்து குடியிருக்காத வேறு யாரோ ஒருவருடைய பெயரில் இருந்தது. எங்களுடைய காணிக்கு மாமியின் பெயரில் பத்திரம் இருந்தது. அதனால் வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் வந்தது, உங்கள் பெயர் வரவில்லை. அதைச் சொல்ல உங்கள் அறைக்கு வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்களோ எத்தனை அறை, குசினி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

லொட்ஜில் சமைக்கக்கூடாது என்பது சட்டம். தேநீருக்கு அறைக்கொரு மின்கேத்தில் தந்திருந்தார்கள். அதில் கஞ்சி வைக்கலாம் என்று கண்டுபிடித்தது நீங்கள். முதல் ஆறு மாதமும் மாமி உங்கள் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு மாமிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் காய்ந்த கிழமையில், நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும்போதெல்லாம், உங்கள் கேத்தில் எங்கள் அறையில் இருந்தது. மாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி அறைக் கிழவர் ஆஸ்பத்திரியில் இறந்த நாளை நீங்கள் மறக்கவே இல்லை. லொட்ஜ் முகாமையாளர் கெட்டவர் இல்லை. ஆனால் பிரேதத்தை இங்கே கொண்டுவந்தால் பிறகு ஆட்கள் தங்க வரமாட்டார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கிழவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடலைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி விறாந்தையில், வாளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதார்.

இரண்டு நாள் கழித்து, உடுப்புக் காயப்போடும்போது நீங்கள் கேட்டீர்கள்.

"புள்ள, நான் செத்துப்போனா ஒங்க புது வீட்டுல ஒரு மணி நேரம் வச்சிருந்து எடுப்பீங்களா? ஒரு வீட்டு வாசல் வழியா போனாப் போதும்."

நான் சிரித்துச் சமாளித்தேன். "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா" என்றேன். நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை. பால் காய்ச்சிக் குடிபூராத வீட்டில் சாவுப் பேச்சு வேண்டாம் என்ற பயம்தான் எனக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடு முடிந்ததும் எங்களோடு வந்து இருங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு அறை, ஐந்து பேர் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கதவு நிலை வைத்த கிழமையில், சுவருக்குத் தண்ணீர் அடிக்க நீங்களும் முரசுமோட்டைக்கு வந்தீர்கள். கூரை இல்லை, நிலம் முழுக்க மணல், உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். நிலைக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனீர்கள். நாங்கள் எல்லோரும் செருப்போடு உள்ளே நின்றோம். என் கணவர் வெளியே போய்த் தன்னுடையதைக் கழற்றிவிட்டு வந்தார்.

குடிபூரலுக்கு நாள் பார்த்து, இன்னும் ஒன்பது நாள் இருக்கையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. அடுத்த நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள். வவுனியாவிலிருந்து உங்கள் தமக்கை மகன் வந்தார். அவரும் அங்கே வாடகை அறையில்தான் இருந்தார். விடிந்தால் பிரேதத்தைத் தருவார்கள், எங்கே கொண்டுபோவது என்று எங்கள் அறை வாசலில் நின்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

"எங்கட வீட்டுக்குக் கொண்டு வாங்கோ" என்று சொல்லியும்விட்டேன். பால் காய்ச்சாத வீட்டுக்குள் முதன்முதல் பிரேதத்தை ஏற்றுவதா என்று மாமி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலிலிருந்து எழும்பித் தலையை முடிந்தார்.

"நாள் பாத்தது காணும், இனி வேண்டாம். விடிய வெள்ளென போய், அவா வர முதல் பாலைக் காய்ச்சுவம். பிறகு அது வீடுதானே. வீடெண்டால் எல்லாம் நடக்கும்."

அப்படித்தான் எங்கள் குடிபூரல் நடந்தது அக்கா. ஐயர் இல்லை, விருந்தில்லை. பக்கத்து வளவில் வாங்கிய பால், குசினியில் மூன்று கல், ஒரு புதுப் பானை. பால் பொங்கியதும் மாமி அடுப்பைத் தணித்தார். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாதே. அரை மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள்.

தமக்கை மகன் உங்கள் பையைக் கொண்டுவந்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மாமி அதை வாங்கித் திறந்து, இந்தச் செருப்பை வெளியே எடுத்தார். வாசல் படிக்கு இடப்பக்கம், நாங்கள் கழற்றிய செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் கேட்டது ஒரு மணி நேரம். நாங்கள் பின்னேரம் வரைக்கும் வைத்திருந்தோம். அந்தக் கதவு நிலை வழியாகத்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் படலை வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். உயிரோடு இருந்தபோது வந்து இருங்கள் என்று கேட்காமல் விட்டதற்குத்தான் கூடுதலாக அழுதேன்.

இப்போது பின்பக்கச் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கியிருக்கிறோம். ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. அது இல்லாமலும் இடம் இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன கிழமை துணுக்காயிலிருந்து என் கணவரின் சித்தி வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உங்களுடையதைக் கண்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆர் பிள்ளை, ஆக்கள் வந்து நிக்கினமோ?"

நான் பதில் சொல்ல முதல் உள்ளேயிருந்து மாமி சொன்னார்.

"ஓம். அக்கா நிக்கிறா."