கேட்பவள் கந்தம்மாள்

அட்டுவம்பட்டி, கொடைக்கானல்
3.8.2025

தம்பி பொன்னுவேலுக்கு,

இங்கே நலம். உன் பஞ்சாமிர்தக் கடையும் நலமாகத்தான் இருக்கும். என் நம்பரை நீ போனில் பிளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன்.

உன் மகள் சண்முகப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளுக்கு மாப்பிள்ளையின் ஊரான தாண்டிக்குடியில் சொந்தம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு வைத்த பத்திரிகையைத்தான் நான் பார்த்தேன். உன் மச்சினனின் கடைப் பெயர்கூட அதில் இருக்கிறது, பெண்ணின் சொந்த அத்தை பெயர் இல்லை. போகட்டும். தலைப்பில் போட்டிருக்கும் பாட்டைத்தான் விடமுடியாது.

‘மலைமேல் நின்றவனே, மயில்மீது வருபவனே, என் மனைதேடி வந்தாயோ, மனம் இரங்கி வந்தாயோ.’ கீழே, ‘இயற்றியவர்: அமரர் பஜனை குழந்தைவேல்’.

அப்பா ஒரு வரிகூட எழுதியவர் இல்லை. அது அவருடைய அத்தை கந்தம்மாள் எழுதியது. கோயிலில் பொட்டுக் கட்டிக்கொண்டு, சதிர் ஆடி, தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். கடைசிக் காலத்தில் நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அத்தனையும் எனக்குப் பாடிக் காட்டினார். விடிந்த பிறகு வேறொருத்தியின் சந்தனத்தை மார்பில் பூசிக்கொண்டு வரும் முருகனை ஒரு பெண் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் பாட்டு அது. ‘கேட்பவள் கந்தம்மாள், பதில் சொல்லிப் போ’ என்று முடியும். பஜனைக்காக அப்பா நடுப்பகுதியை வெட்டினார், கடைசி வரியை ‘கேட்பவன் அடியவன், அருள் தந்து போ’ என்று மாற்றினார். மிச்சத்தை நீ மங்கலப் பாட்டென்று மகள் பத்திரிகையில் அச்சடித்திருக்கிறாய். முதலில் சிரிப்புதான் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. மேடையிலாவது அவர் பெயரைச் சொல்.

மகாதேவி

•

அடிவாரம், பழனி
9.8.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு இப்படி எழுத உங்களால்தான் முடியும்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் தாசி வீட்டுப் பையன் என்று கூப்பிட்டார்கள். நீங்கள் பாட்டு டீச்சர் வேலை கிடைத்து மலையேறிப் போய்விட்டீர்கள். இந்தத் தெருவில் தலை குனிந்து நடந்தது நான். அப்பா வீடு வீடாகப் பஜனை பாடி அந்தப் பேச்சை மாற்றினார். அதை மறுபடி கிளப்பினால் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளையின் தாய்மாமன் திருமலைச்சாமி சாதி, குலம் எல்லாம் துருவித் துருவி விசாரிக்கிற ஆள்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம். சம்பந்தியம்மா முருகம்மாளுக்குப் பத்திரிகையிலிருக்கும் பாட்டு பிடித்துப்போய், 28ஆம் தேதி மாலை வரவேற்பில் முழுசாகப் பாடச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நான்கு வரிக்கு மேல் தெரியாது. நீங்கள் வந்து பாடுங்கள். நடுவில் பக்தியாக ஏதாவது சேர்த்து, அப்பாவின் வரியில் முடியுங்கள். உங்கள் பெயரைச் சேர்த்துக் கொஞ்சம் பத்திரிகை தனியாக அடித்துத் தருகிறேன்.

பொன்னுவேல்

•

அட்டுவம்பட்டி
13.8.2025

பொன்னுவேலுக்கு,

சின்ன வயதில் ‘ஏ மகா’ என்று கூப்பிட்டவன் ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். காரியம் பெரியதுதான்.

நீ பட்ட அவமானம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை உனக்குச் செய்தவர்கள் தெருக்காரர்கள். அவர்களை விட்டுவிட்டு, செத்துப்போன ஒருத்தியிடம் கணக்குத் தீர்க்கிறாய். அப்பா தன் அத்தையை மறைத்தார், நீ உன் மகளின் அத்தையை மறைக்கிறாய். நம் வீட்டு ஆண்களுக்கு அத்தை என்றால் பாட்டு வேண்டும், ஆள் வேண்டாம்.

பாடினால் முழுசாகப் பாடுவேன், அவர் பெயரில் முடிப்பேன். இல்லையென்றால் வரமாட்டேன். அந்தக் கொஞ்சம் பத்திரிகையை நீயே வைத்துக்கொண்டு கடையில் பொட்டலம் மடி.

மகாதேவி

•

பழனி
2.9.2025

மகாதேவிக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. நீ நினைத்ததை முடித்துவிட்டாய். வராமலே முடித்துவிட்டாய்.

வரவேற்பில் பாட ஒரு கச்சேரிக்காரரை ஏற்பாடு செய்திருந்தேன். அவர் அந்த நான்கு வரியையே திருப்பித் திருப்பிப் பாடினார். சம்பந்தியம்மா, மீதி எங்கே என்று கேட்டார்கள். எங்கப்பா அவ்வளவுதான் எழுதினார் என்றேன். மணக்கோலத்தில் இருந்த என் மகள் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். “இது எங்க தாத்தா பாட்டு இல்லைங்க. அவரோட அத்தை கந்தம்மாள் கட்டுனது. கோயில்ல பொட்டுக் கட்டி ஆடுனவங்க. முழுசும் நான் பாடுறேன், கேளுங்க.” பாடினாள். கடைசி வரி வரைக்கும் பாடினாள்.

திருமலைச்சாமி பந்தியிலிருந்து பாதியில் எழுந்தார். அவரோடு நான்கு ஜீப் ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளை போகவில்லை, அவன் அம்மா போகவில்லை, அதனால் தாலி ஏறியது. பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். மறுவீட்டுக்கு அவர்களை அழைக்கப்போவதில்லை. எனக்கு மகளும் இல்லை, அக்காளும் இல்லை. இனி எழுதாதே.

பொன்னுவேல்

•

அட்டுவம்பட்டி
7.9.2025

பொன்னுவேலுக்கு,

இது கடைசி.

பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஆடிக் கடைசியில், உனக்கு நான் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, சிநேகிதி வீட்டுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாள். ஒரே பகலில் கற்றுக்கொண்டாள். உன் தொண்டை இல்லை அவளுக்கு, நல்ல வேளை. ஆனால் கல்யாணத்தில் பாடு என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கொள். இப்போது பாடாதே, தாலி ஏறட்டும், நாலு வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயந்தேன்.

“அப்பாவும் இதத்தான் சொல்றாரு, அத்தை” என்றாள். அவ்வளவு பெரிய கடிதம் உனக்கு எழுதியவள், பெண்ணின் முன்னால் வாயை மூடிக்கொண்டேன். உன் மகள் நம் இரண்டு பேரையும் கேட்காமல் தனியாகத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறாள்.

நீ அழைக்காத மறுவீட்டுக்கு நான் அழைத்துவிட்டேன். முருகம்மாளிடம் போனில் பேசியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் முருகம்மாளும் இங்கே வருகிறார்கள். பெண் வீட்டுச் சீர் என் கையால் நடக்கும். என்ன உறவென்று அவர்கள் யாரும் கேட்கவில்லை.

நீயும் வரலாம். வாசலில் நின்று, அந்தப் பாட்டைக் கட்டியது யார் என்று அவர்கள் எல்லோரும் கேட்கும்படி நீ சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உனக்கு என் வீட்டில் இலை கிடையாது.

மகாதேவி